குமுளி ஏற்றத்தில் கார் உதறுகிறது: பிளக் மாற்றினால் பிக்கப் கூடுமா?

கம்பம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கம்பத்தில், வேலை குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில். தினமும் மலை ஏறி இறங்குகிற வண்டி. 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல், அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் பிளக் கடைசியாக எப்போது மாற்றியது என்ற விவரம் கையில் இல்லை.

கம்பத்திலிருந்து கூடலூர் வரைக்கும் ஒரு குறையும் கிடையாது. ஐட்லிங் சுத்தமாக இருக்கிறது, எண்பதில் போனாலும் அதிர்வு இல்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும்தான் வேலையைக் காட்டுகிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திருப்பி, வெளியே வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்க வேண்டிய வண்டி உதறுகிறது, விட்டு விட்டு இழுக்கிறது. காலைக் கொஞ்சம் தூக்கினால் சரியாகிவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடியும் அதேதான். மழை நாளில் இன்னும் மோசம். முன்னால் லோடு லாரி, பின்னால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப், நடுவில் வண்டி இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

விசாரித்ததில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்பேர்ஸ் கடையில், இரிடியம் பிளக் போடுங்கள், பிக்கப்பும் மைலேஜும் கூடும், மலைக்கு அதுதான் சரி என்கிறார்கள். பழக்கமான மெக்கானிக், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் இன்னும் பத்தாயிரம் ஓடும் என்கிறார். உண்மையிலேயே பிளக்கால் இன்ஜின் சக்தி கூடுமா? எதைப் போடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கண்டம் தோட்டம் எழுதியது:

நான் இரிடியம்தான் போட்டிருக்கிறேன். இங்கே டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிருக்கு ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டவும் நன்றாக இருக்கிறது. விலையைப் பார்க்காமல் போட்டுவிடுங்கள்.

தேனி பட்டறை எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். முதலில் இப்போது இருக்கிற மூன்று பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். இன்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரிக்காமலே பார்க்க இருக்கிற சுலபமான வழி அதுதான். நிறையப் பேர் பழைய பிளக்கைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கிற இன்ஜினில் எவ்வளவு விலை உயர்ந்த பிளக் போட்டாலும் காலுக்குத் தெரிகிற அளவுக்குச் சக்தி கூடாது. சக்தி வருவது பெட்ரோலும் காற்றும் எரிவதிலிருந்து. அதைச் சரியான நேரத்தில் பற்ற வைப்பது மட்டும்தான் பிளக்கின் வேலை. ஆனால் பற்ற வைக்கத் தவறினால் இழப்பு பெரியது. உங்களுடையது மூன்று சிலிண்டர், ஒன்று மிஸ் ஆனாலே மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. மிச்சம் இரண்டு சிலிண்டர், மிஸ் ஆன சிலிண்டரின் பிஸ்டனையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதனால்தான் உதறல் அவ்வளவு தெரிகிறது. தேய்ந்த பிளக்கை மாற்றியதும் வண்டி பறக்கிறது என்று சொல்கிறவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது இழந்த சக்தி. சாதா பிளக் போட்டிருந்தாலும் அது கிடைத்திருக்கும்.

சமவெளியில் ஏன் வரவில்லை, ஏற்றத்தில் மட்டும் ஏன் வருகிறது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். பிளக் நுனியில் நடு எலக்ட்ரோடுக்கும் வளைந்த கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பொறி குதிக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட அந்தத் தாண்டலுக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். ஐட்லிங்கில், லேசான ஓட்டத்தில், காற்று வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கும், உள்ளே வருகிற காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, அதனால் தேய்ந்த பிளக்கும் எப்படியோ சமாளித்துவிடும். நீங்கள் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் முழுக்க மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று நிரம்பி அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. இடைவெளி தேய்ந்து விரிந்திருந்தால் அங்கே, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற இக்னிஷன் காயில் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. கரண்ட் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். பிளக் நுனியில் குதிக்க முடியாவிட்டால் பீங்கானின் வெளிப்பக்கமாக, பிளக் தலையில் மாட்டுகிற காயிலின் ரப்பர் உறை, அதாவது பூட் வழியாக இறங்கி நேரே பாடிக்குப் போய்விடும். மழை ஈரத்தில் அந்த வெளி வழி இன்னும் சுலபம். காலைத் தூக்கினால் சரியாகிறது, மழையில் கூடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

உயரத்தால் வருகிற சக்திக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தி குறையும் என்பது உண்மைதான், ஆனால் கம்பத்துக்கும் குமுளிக்கும் ஐந்நூறு மீட்டர்தான் வித்தியாசம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமே தவிர உதறாது.

இந்த நிலையில் ரொம்ப நாள் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது. செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்கினால் அதற்கு அர்த்தம் அதுதான், உடனே காலை எடுத்துவிட வேண்டும். மைலேஜும் இறங்கியிருக்கும். எரியாமல் மிச்சமாகும் ஆக்ஸிஜனை சென்சார் பார்த்துவிட்டு பெட்ரோல் போதவில்லை என்று இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்லும், அது இன்னும் பெட்ரோலை ஊற்றும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றுங்கள். பிளக் மாட்டியிருக்கிற சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். காயிலை எடுத்ததும் பிளக் குழியில் இருக்கிற மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனரை இறக்குங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். எது எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வைத்து போட்டோ போடுங்கள்.

போடி பழைய டிரைவர் எழுதியது:

உப்புத்தாள் போடச் சொன்ன மெக்கானிக்கை ஒரேயடியாகத் தப்பு சொல்லிவிட முடியாது. அம்பாசடர் காலத்தில் போடிமெட்டு ஏறுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றித் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டுவதுதான் முறை. கார்பரேட்டர் வண்டி, பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றும், கரி பிடிக்கும். பட்டறைகளில் மணலை அடித்துப் பிளக் கழுவுகிற மெஷினே இருக்கும். அப்போது இடைவெளி 0.6 மி.மீ. பக்கம்தான், வோல்டேஜும் கம்மி, தேய்த்தால் போதுமானதாக இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இப்போதைய வண்டிக்கு அது உதவாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கரி போகும், ஆனால் தேய்ந்து மழுங்கின முனை திரும்ப வராது. முனை கூர்மையாக இருந்தால்தான் பொறி சுலபமாகக் கிளம்பும். தேய்க்கும்போது பீங்கானில் கீறல் விழுந்தால் கரி இன்னும் சீக்கிரம் ஒட்டும். இரிடியத்தை, பிளாட்டினத்தை உப்புத்தாளோடு பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, அந்த மெல்லிய முனை போய்விடும்.

கம்பம்காரன் எழுதியது:

தேனி அண்ணனுக்கு மிக்க நன்றி. நேற்று மாலை நண்பன் வீட்டில் வைத்துக் கழற்றிவிட்டோம். போட்டோ சரியாக ஏறவில்லை, எழுதிவிடுகிறேன்.

மூன்றுமே சாதா நிக்கல் பிளக். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தால் மூன்றிலும் 1.4 மி.மீ. சுலபமாக நுழைகிறது. மேனுவலில் 1.0 முதல் 1.1 என்று இருக்கிறது. நடு எலக்ட்ரோடு தட்டையாக இல்லை, ஓரமெல்லாம் மழுங்கி உருண்டையாக இருக்கிறது. எரிகிற பக்கம் ஒன்றும் மூன்றும் வெளிர் பழுப்பு, இரண்டாவது மட்டும் கறுப்பு, கையில் தொட்டால் காய்ந்த கரி ஒட்டுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். வெளிப்பக்கம் வெள்ளைப் பீங்கானில், இரும்புப் பகுதிக்கு ஒட்டினாற்போல மூன்றிலும் பழுப்பு வளையம் ஓடுகிறது. இரண்டாவதில் அதோடு சேர்த்து, மேலிருந்து கீழாகப் பென்சிலில் கிழித்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் இருக்கிறது. துடைத்தால் போகவில்லை. கம்ப்ரஷன் லீக் ஆகிறது, ஹெட்டைப் பிரிக்க வேண்டும் என்று நண்பன் பயமுறுத்துகிறான்.

தேனி பட்டறை எழுதியது:

ஹெட்டைத் தொட வேண்டாம். நீங்கள் பார்த்து எழுதிய விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

அந்தப் பழுப்பு வளையம் லீக் இல்லை. உயர் வோல்டேஜ் இருக்கிற இடத்தைச் சுற்றிக் காற்றில் இருக்கிற எண்ணெய்த் தூசி ஈர்க்கப்பட்டு ஒட்டுவதால் வருகிற கறை, கொரோனா கறை என்பார்கள். நல்ல பிளக்கிலும் வரும், ஒன்றும் செய்யாது. இதைக் காட்டி கேஸ் லீக் என்று சொல்லிப் பிளக்கை ஓவர் டைட் செய்து மரையைக் கெடுத்த வண்டிகள் எத்தனையோ பட்டறைக்கு வருகின்றன.

அந்தக் கறுப்புக் கோடுதான் ஆள். கரண்ட் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கிப் போன தடம் அது. உள்ளே 1.4 மி.மீ. தாண்ட முடியாமல் வெளியே குதித்திருக்கிறது. ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் கரி படிந்து அடுத்த முறைக்கு அதுவே சுலபமான வழியாகிவிடும். அதனால்தான் இரண்டாவது சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் கரி பிடித்திருக்கிறது. ஸ்கேனர் போட்டிருந்தால் பி0302 என்று பிழைக் குறியீடு வந்திருக்க வாய்ப்புண்டு, கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். பிளக்கை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. இரண்டாவது காயிலின் ரப்பர் பூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் உள்பக்கம் பாருங்கள், அங்கேயும் அதே மாதிரி ஒரு கோடு இருக்கும், வெள்ளைப் பொடியோ கறுப்போ எப்படியும் தெரியும். பழைய பூட்டோடு புதுப் பிளக்கை மாட்டினால் சில வாரத்தில் புதுப் பிளக்கிலும் அதே தடம் விழுந்து, பிளக் மாற்றியும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவீர்கள். சில காயிலுக்கு பூட் தனியாகக் கிடைக்கும், கிடைக்காவிட்டால் காயிலையே மாற்ற வேண்டும். விரிந்த இடைவெளிக்கு ஈடு கொடுத்துக் காயில் எப்போதும் கூடுதல் வோல்டேஜில் வேலை செய்திருக்கிறது, அதனால் மற்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலச் சேற்றுக்கு வாட்டர் சர்வீஸ் விடும்போது இன்ஜின் மேல் நேராகப் பிரஷரில் அடிக்க விடாதீர்கள். பிளக் குழியில் தண்ணீர் தேங்கினால் இந்தத் தொல்லைதான் வரும். குழியில் எண்ணெய் இருந்தால் அது வேறு கதை, வால்வு கவர் சீல் போயிருக்கும்.

செங்கோட்டை சிஎன்ஜி எழுதியது:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை ஓட்டுகிறேன், சிஎன்ஜி. கேஸுக்குப் பொறி குதிக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் ஓட்டும்போது தெரியாத பிளக் தேய்மானம் கேஸுக்கு மாற்றியதும் ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு இரிடியம் நிஜமாகவே பலன் தருகிறது, வெறும் விளம்பரம் என்று ஒதுக்க முடியாது. நிக்கல் நடு எலக்ட்ரோடு 2.5 மி.மீ. பருமன் இருக்கும், இரிடியத்தில் 0.4 இல்லை 0.6 மி.மீ.தான். முனை மெல்லியதாக இருப்பதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி கிளம்பும். இரிடியம் உருகுவதற்கு 2400 டிகிரிக்கு மேல் வேண்டும், நிக்கல் 1455 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் அவ்வளவு மெல்லிய முனையும் தேயாமல் நிற்கிறது.

பெட்ரோலில் மட்டும் ஓட்டுகிறவர் சாதா பிளக் போட்டு நேரத்துக்கு மாற்றினாலே போதும் என்பதில் தேனி அண்ணன் சொல்வதுதான் சரி.

வண்டிப்பெரியாறு எழுதியது:

எங்கள் பக்கத்தில் ஒரு சேட்டன் சொல்கிறார், மலைக்குக் கூல் பிளக் போட வேண்டும், சூடு தாங்கும் என்று. நம்பர் மாற்றிப் போடலாமா? என்னுடையது எஸ்டேட்டுக்குள் ஓட்டுகிற சின்ன கார், தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் வருவதோடு சரி. பிளக் எப்போது கழற்றினாலும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

தேனி பட்டறை எழுதியது:

உங்களுக்குக் கூல் பிளக் போட்டால் இன்னும் கறுக்கும். பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850 பக்கம் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், அது பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதற்குத்தான் ஹீட் ரேஞ்ச் என்ற கணக்கு. சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்தினால் கூல் பிளக், மெதுவாகக் கடத்தினால் ஹாட் பிளக். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் நுனி 450-க்குப் போவதற்குள் நீங்கள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள், கறுப்புக்குக் காரணம் அதுதான். வாரத்தில் ஒருநாள் குமுளி வரைக்கும் ஏற்றத்தில் நன்றாக ஓட்டிவிட்டு வாருங்கள், பிறகு கழற்றிப் பாருங்கள்.

கம்பெனி சொன்ன நம்பரை மாற்ற வேண்டாம். வேறு பிராண்ட் வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் கூல், பாஷில் எண் குறைந்தால்தான் கூல், நேர் தலைகீழ். எண்ணை மட்டும் பார்த்து இது கொஞ்சம் கூடுதல் என்று எடுத்தால் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். பழைய பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பெனி டீலரிடமோ நன்றாகத் தெரிந்த கடையிலோ வாங்குங்கள், போலிப் பிளக் சந்தையில் நிறைய இருக்கிறது. எண்ணில் ஆர் எழுத்து இருந்தால் ரெசிஸ்டர் உள்ள பிளக். அது இருந்த இடத்தில் அது இல்லாத பிளக்கைப் போடாதீர்கள், பொறியால் வருகிற மின் இரைச்சல் இசியுவைக் குழப்பும்.

ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதில் இருப்பது கிளோ பிளக், இங்கே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது.

கம்பம்காரன் எழுதியது:

அண்ணே, பூட்டுக்குள்ளே நீங்கள் சொன்ன மாதிரியே கோடு இருந்தது. அந்தக் காயிலுக்கு பூட் தனியாகக் கிடைக்கவில்லை, காயிலே வாங்கியாகிவிட்டது. பிளக் மேனுவலில் இருக்கிற அதே நம்பர் நிக்கல், மூன்றும். மாட்டும்போது எவ்வளவு டைட் செய்ய வேண்டும்? இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் இல்லை. மரையில் கிரீஸ் தடவச் சொல்கிறார்கள், தடவலாமா?

தேனி பட்டறை எழுதியது:

கிரீஸ் வேண்டாம் தம்பி. இப்போது வருகிற பிளக் மரையில் துருப்பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. கிரீஸ் தடவினால் வழுக்கிக்கொண்டு போய், உங்களுக்குத் தெரியாமலே ஓவர் டைட் ஆகிவிடும்.

மாட்டுவதற்கு முன் மூன்றிலும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், பெட்டியில் புதியதாக வந்தாலும் வழியில் கீழே விழுந்து இடைவெளி மாறியிருக்கும். முதலில் ஸ்பேனரே வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்குப் பெட்ரோல் ஓஸ் துண்டு எடுத்து பிளக் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, ஓஸை விரலால் சுற்றுங்கள். மரை ஒழுங்காகப் பிடித்தால் லேசாக இறங்கும், கோணலாகப் பிடித்தால் ஓஸ் வழுக்கிக்கொண்டு நின்றுவிடும், மரை கெடாது. கையால் சுற்ற முடியாத வரைக்கும் இறங்கியதும் ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்துங்கள். இது வாஷர் உள்ள புதுப் பிளக்குக்குச் சொல்கிற கணக்கு. ஏற்கெனவே ஒருமுறை மாட்டிய பிளக் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். லூசாக விட்டாலும் தப்பு, பிளக் சூட்டைக் கடத்த முடியாமல் நுனி வெந்துவிடும்.

கம்பம்காரன் எழுதியது:

மாட்டி, இன்று காலை குமுளி போய் வந்தாகிவிட்டது. வழியெல்லாம் தூறல் வேறு. எந்த வளைவிலும் உதறல் இல்லை, இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தாலும் ஒரே சீராக இழுக்கிறது. மைலேஜ் ஒரு டாங்க் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். பழைய பிளக் மூன்றையும் அவசரத்துக்கு ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமா?

போடி பழைய டிரைவர் எழுதியது:

வேண்டாம். கோடு விழுந்த பிளக்கை உடைத்துப் போட்டுவிடுங்கள், யாராவது எடுத்துத் தேய்த்து விற்றுவிடுவார்கள். மற்ற இரண்டும் 1.4-க்கு வந்தவை, அவையும் ஸ்பேருக்கு ஆகாது. புதியதாக ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். நிக்கலுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று கணக்கு, மேனுவல் அதற்குக் குறைவாகச் சொன்னால் அதன்படி. மாற்றிய தேதியையும் மீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.